கூண்டும் கூம்பும்: கடற்கரையில் ஒலிபெருக்கியின் கதை

ஐப்பசி பிறந்து வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால், தமிழ்ச் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் வாக்கியம் ஒன்றுண்டு. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதே அது. பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடையே, ஒருபுறம் பக்கிங்காம் கால்வாயும் மறுபுறம் கடலுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டின் பெயரைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அறிந்தது இந்த ஒரு வாக்கியத்தின் வழியாகத்தான் இருக்கும்.

கூண்டு என்பது கண்ணுக்கான மொழி. அது கம்பத்தில் ஏறும்; பார்ப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே கரையில் குப்பங்களுக்குச் செய்தி வந்து சேர்ந்த வழி வேறு. அது காதின் வழி. கோயில் வேப்பமரத்திலோ வலை பின்னும் கூடத்தின் உச்சியிலோ கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கியும், அதற்குப் பின்னால் ஒரு மேசைமீது சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் ஆம்ப்ளிபையரும் அந்த வழியின் கருவிகள். இக்கருவியின் வரலாற்றைத் தொழில்நுட்ப வரலாறாக எழுதியவர்கள் உண்டு. இசை வரலாற்றின் ஒரு கிளையாக எழுதியவர்களும் உண்டு. இது யாருடைய உடைமையாக இருந்தது என்ற கேள்வியை முன்வைத்து அதன் கதையைச் சொல்லிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் கூண்டு. 1864ஆம் ஆண்டு அக்டோபரில் பெரும்புயல் ஒன்று கல்கத்தாவைத் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. மறு ஆண்டே, 1865இல், கல்கத்தா துறைமுகத்துக்கென ஒரு புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கப்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1875இல்தான். ஆக, வானிலையை அறிவியலாக ஆராயும் நிறுவனத்துக்கு முன்பே கப்பல்களைக் காக்கும் ஏற்பாடு பிறந்துவிட்டது. இந்த வரிசை தற்செயலானதல்ல. எச்சரிக்கை முதன்முதலில் யாருக்காக உருவானது என்பதை அது சொல்லிவிடுகிறது.

பின்னாளில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட குறிகளாக இம்முறை வளர்ந்தது. பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். இவற்றில் 11ஆம் எண்ணின் பொருளைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அது எல்லாவற்றிலும் பெரிய புயலைக் குறிப்பதன்று. வானிலை மையத்தோடு தொடர்பு அற்றுப்போய்விட்டது, வருவது கேடாகவே இருக்கலாம் என்று கருதப்படுகிறது என்பதே அதன் பொருள். செய்தி அறுந்துபோனதையே ஒரு செய்தியாக அறிவிக்கும் குறி அது.

ஆனால் இந்த மொழி கப்பல் தலைவர்களோடு பேசும் மொழி. துறைமுகமே இல்லாமல் அலைவாயிலிருந்து நேரே கட்டுமரம் தள்ளிக் கடலேறியவர்களுக்குக் கூண்டு தென்படும் தூரத்தில் இருந்ததில்லை. அவர்களிடம் வேறொரு அறிவு இருந்தது: வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு அதன் போக்கைக் கணிக்கும் அறிவு. பழவேற்காட்டு ஏரியில் யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று முறைவைத்து வலை போடும் 'பாடு' என்ற ஒழுங்கு இன்றும் உண்டு. நீரையே பங்கிட்டு முறைவைக்கத் தெரிந்த அச்சமூகத்தில், செய்தியைப் பகிரும் முறையும் ஊர்க்கூட்டத்தைச் சார்ந்தே இருந்தது. ஆள்விட்டுச் சொல்லுதல், கூவியழைத்தல், தமுக்கடித்தல் என மனிதக் குரலும் தோலும் எட்டும் தூரமே ஊரின் எல்லை.

*

அந்த எல்லையை உடைத்த கருவி இங்கே பிறந்ததல்ல. லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய வெற்றிடக் குழல், சில ஆண்டுகளில் ஒலியின் மின்வடிவத்தைப் பெருக்கப் பயன்படலாயிற்று. 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஜென்சன், ப்ரிதம் என்னும் இருவர் சான்ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்குத் தங்கள் ஒலிபெருக்கியால் இசையை ஒலிபரப்பிக் காட்டினர். தம் கருவிக்கு அவர்கள் இட்ட மேக்னவாக்ஸ் என்ற பெயருக்கு லத்தீனில் 'பெருங்குரல்' என்று பொருள். 1919இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் சான் டியேகோவில் ஏறத்தாழ 50,000 பேர் முன்னிலையில் அதன் துணையோடு பேசினார். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இத்தனை பேரோடு தொண்டை கிழியாமல் பேசுவது அதுவரை நடவாத ஒன்று.

சென்னைக்கு இது வந்த வழி சுவையானது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினர். பணமின்மையால் 1927இல் அது ஓய்ந்தபோது கருவிகள் மாநகராட்சியின் கைக்குச் சென்றன. 1930இல் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றவர்களுக்காக மெரீனாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாலைக் காற்று வாங்க வந்தவர் காசு கொடுக்காமல் பாட்டுக் கேட்டார். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியதும் மாநகராட்சியின் காலம் முடிந்தது. ஆக, சென்னைக் கடற்கரையில் ஒலிபெருக்கியின் முதல் உடைமையாளர்களுள் ஒருவர் மாநகராட்சி. அது அந்தக் கருவியை வைத்த இடம் பொது இடம். இதை நாம் மறந்துவிட்டோம்.

கருவி வந்தபின் குரல்களே மாறின. எஸ்.ஜி. கிட்டப்பாவின் தலைமுறை நாடக மேடையில் ஒலிவாங்கியின்றிக் கடைசி வரிசைவரை எட்டப் பாட வேண்டியிருந்தது. உச்ச சுருதி என்பது அழகியல் தேர்வாக மட்டுமல்ல, தொழில் தேவையாகவும் இருந்தது. அவர் 1933இல், இருபத்தேழே வயதில் மறைந்தார். அவருக்குப் பின்வந்த பாடகர்கள் தாழ்ந்த குரலில் நுணுக்கம் காட்டினர். அரசியல் மேடையிலும் அவ்வாறே. கத்த வேண்டிய கட்டாயம் நீங்கியதால்தான் அடுக்குமொழியும் இடைநிறுத்தமும் கொண்ட திராவிட இயக்கத்தின் மேடைத்தமிழ் ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப்போட முடிந்தது எனலாம்.

*

பட்டணத்திலிருந்து கிராமத்துக்கு ஒலிபெருக்கியைக் கொண்டுபோனவர் மைக் செட்காரர். தில்லியில் 1940இல் தொடங்கப்பட்ட அஹூஜா நிறுவனத்தின் பெயர், ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆம்ப்ளிபையருக்கே மறுபெயராகிவிட்டது. மின்சாரம் எட்டாத ஊருக்கு லாரி பேட்டரியோடு செட் போயிற்று. திருமணம், காதுகுத்து, ஆடி மாதத்துக் கூழ்வார்ப்பு, தேர்தல், இழவு என எல்லாவற்றுக்கும் வாடகைக்குப் போனது.

இக்கருவியின் உள்ளே நடப்பதைச் சற்றுப் பார்ப்பது நல்லது; நம் கேள்விக்கும் அது உதவும். ஒலிவாங்கியின் முன் ஒருவர் பேசும்போது அதில் பிறக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே. கூம்பை நேரே முழங்கவைக்க அது எவ்வகையிலும் போதாது. ஆகவே பெருக்கம் இரு கட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டம், அந்த மெல்லிய அசைவைச் சிதையாமல் ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுக்கு உயர்த்துவது. இதுவே ப்ரீ-ஆம்ப்ளிபையர், அதாவது முன்பெருக்கி. இரண்டாம் கட்டம் அதற்கு ஆற்றல் ஊட்டிக் கூம்பின் யூனிட்டை இயக்குவது. நம் ஊர் செட்டுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். விலையுயர்ந்த ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாக வாங்குகிறார்கள். காரணம் எளிது: முன்பெருக்கியில் நுழைந்த பிழை எதுவோ, அது அடுத்த கட்டத்தில் பன்மடங்காகப் பெருகும். தொடக்கத்தில் கலந்த இரைச்சலை முடிவில் பிரித்தெடுக்க முடியாது.

மைக் செட்காரர் இதைப் புத்தகத்தில் படித்தறிந்தவரல்லர். எந்தக் குமிழைத் திருகினால் ஊளை அடங்கும், கூம்பை ஒலிவாங்கிக்கு முன்னால் கட்டாமல் பக்கவாட்டில் ஏன் கட்ட வேண்டும், வால்வு சூடேற எத்தனை நேரம் பொறுக்க வேண்டும் என்பவற்றைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர். கடற்கரை ஊர்களில் அவருக்கு இன்னொரு பகையும் உண்டு. உப்புக்காற்றில் செப்புமுனைகள் பச்சைக் களிம்பேறும். இரும்புக் கூம்பு துருவேறும். குமிழைத் திருகும்போதெல்லாம் கரகரவென்று ஓசை எழும். உள்ளூரில் பத்து வருடம் உழைக்கும் கருவி கரையோரத்தில் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. திருவிழா இல்லாத மாதங்களில் கருவியைத் துணி சுற்றி உலர்ந்த இடத்தில் வைப்பதும், அவ்வப்போது இயக்கிப் பார்ப்பதும் தொழிலின் பாதி.

இந்த உடைமையாளரின் நிலை விந்தையானது. ஊரில் மிக உரக்க ஒலிப்பது அவருடைய கருவி. ஆனால் அதில் அவர் குரல் ஒலிப்பது 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்னும்போது மட்டுமே. பேசுகிறவர் வேறொருவர். வாடகை கொடுத்தவருக்கே குரல்.

*

இப்போது புயலுக்கு வருவோம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டித் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வங்கக் கடலில் புயல் இருப்பதை வானிலைத் துறை அறியாமலில்லை. அறிந்ததற்கும், அலைமேட்டில் உறங்கியவர் காதுக்கும் இடையே ஒரு கருவியும் இல்லை. 11ஆம் எண் கூண்டு குறிக்கும் அந்த அறுந்த தொடர்பு, கரையோரக் குப்பங்களின் அன்றாட நிலையாகவே இருந்தது.

இந்த இடைவெளியை அடைக்க அரசு செய்த பெருமுயற்சி செயற்கைக்கோள் வழியாக வந்தது. 1983இல் இன்சாட்-1பி விண்ணேறியது. பழவேற்காட்டு ஏரிக்கு அக்கரையிலேயே ஸ்ரீஹரிகோட்டா இருந்தபோதிலும், அந்தக் கோள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து விண்கலத்தில்தான் ஏற்றிச் செல்லப்பட்டது. அதைத் தொடர்ந்து 1980களின் நடுப்பகுதியில், வட தமிழ்நாடு, தென் ஆந்திரக் கரையோரங்களில் பேரிடர் எச்சரிக்கை ஏற்பிகள் நிறுவப்பட்டன. பழவேற்காடு இந்த இரு கரைகளும் சந்திக்கும் இடம். சென்னைப் புயல் எச்சரிக்கை மையத்திலிருந்து அனுப்பும் குறியீடு எந்தப் பகுதிக்குரியதோ அந்தப் பகுதியின் பெட்டிகள் மட்டும் விழித்துக்கொள்ளும். முதலில் சங்கு ஒலிக்கும். பிறகு வட்டார மொழியில் ஒரு குரல் எச்சரிக்கையைப் படிக்கும். 1990 மே மாதத்தில் ஆந்திரக் கரையைப் புயல் தாக்கியபோது பெருந்திரளான மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்த இவ்வேற்பாடு உதவியது.

நேர்த்தியான பொறியியல் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெட்டி பெரும்பாலும் இருந்தது அரசு அலுவலகத்தில். கடைசி இரண்டு கல் தொலைவை அந்தக் குரல் கடக்க, அலுவலகத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவர் ஜீப்பில் ஏறிக் குப்பத்துக்குப் போக வேண்டும். உடைமை அரசுடையது; காது ஊருடையது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு மனிதரின் அக்கறை.

*

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிப் பார்த்த ஒரு முயற்சி புதுச்சேரியில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராமத் தகவல் மையங்களுள் ஒன்று வீராம்பட்டினம் என்னும் மீனவ ஊரில் அமைந்தது. அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயர முன்கணிப்பை மையத்தில் நாள்தோறும் எடுத்து, தமிழாக்கி, கூம்பு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணிப்பு உலகின் மறுகோடியிலிருந்து வந்தது. ஆனால் முன்பெருக்கியின் குமிழ் ஊரார் கையில் இருந்தது. எதை அறிவிப்பது, எப்போது அறிவிப்பது, எந்தச் சொல்லில் அறிவிப்பது என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். மீன் விலை, அரசுத் திட்டம், காணாமற்போன பொருள் என எல்லாமே அதில் ஒலித்ததால், நாளும் கேட்கப்படும் குரலாக அது ஆயிற்று. நாளும் கேட்கப்படும் குரலைத்தான் ஆபத்து வேளையில் நம்புவார்கள்.

இந்த உண்மை 2004 டிசம்பர் 26 காலையில் மெய்ப்பிக்கப்பட்டது. அதே புதுச்சேரிக் கரையிலுள்ள நல்லவாடு என்னும் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தகவல் மையப் பணியில் முன்பு ஈடுபட்டிருந்தவர் அவர். சுமத்ராவில் நேர்ந்ததைச் செய்தியில் அறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். கடல்நீர் ஊருக்குள் வருகிறது என்று மறுமுனையில் சொன்னார்கள். உடனே ஊரை எச்சரிக்கும்படி கூறினார். ஊரார் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியை இயக்கி, அனைவரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஏறத்தாழ 3,600 பேர் கொண்ட அந்த ஊர் உயிர்ப்பலியின்றித் தப்பியது. இந்தியாவுக்கென ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் ஹைதராபாதில் இயங்கத் தொடங்கியது 2007இல்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அந்தக் காலையில் நல்லவாட்டைக் காத்தவை ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஆம்ப்ளிபையரும்.

*

அதே ஆண்டுகளில் நகரங்களில் ஒலிபெருக்கி குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை அதற்குத் தடை விதித்தன. சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போருக்கும் இடையே எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபட வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005 ஜூலையில் நாடு முழுமைக்குமான விரிவான தீர்ப்பு வந்தது. தனியார் வீட்டின் ஒலிக்கருவிக்கும் எல்லை வகுக்கப்பட்டது: வீட்டு எல்லையில் அதன் ஓசை, அப்பகுதிக்கு விதித்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டலாகாது. ஹோம் தியேட்டர் உடைமையாளர்கள் பலருக்கு இன்றும் தெரியாத விதி இது.

இத்தீர்ப்புகள் தேவையானவை. தேர்வு நெருங்கும் மாணவருக்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் காதை மூடிக்கொள்ளும் வசதியைக்கூட நம் கூம்புகள் தந்ததில்லை. எனினும் 2010இல் அவ்விதிகளில் சேர்க்கப்பட்ட ஒரு சிறு திருத்தம் நம் கதைக்கு முக்கியமானது. பொது நெருக்கடியின்போது இரவிலும் ஒலிபெருக்கியை இயக்கலாம் என்கிறது அது. அமைதிக்கான உரிமையை நிலைநாட்டிய சட்டமே, ஊரை எழுப்ப ஒரு குரல் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

கூம்பின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும் என்பது இயற்பியல். வடகிழக்குப் பருவத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. ஆகவே புயற்காலத்தில் கரையிலிருந்து எவ்வளவு உரக்க அழைத்தாலும் கடலிலுள்ள படகுக்கு அது எட்டாது. கடலில் இருப்பவருக்கு வயர்லெஸ் வேண்டும். செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவி வேண்டும். 2019இல் அறிமுகமான ஜெமினி போன்ற கருவிகள் அதற்கானவை. கூம்பு கரையில் இருப்போருக்கானது: முதியோருக்கும், குழந்தைகளுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும்.

*

மீண்டும் காட்டுப்பள்ளி. அங்கே துறைமுகம் 2013இல் செயல்படத் தொடங்கி, 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. துறைமுகத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம்பெயர நேர்ந்தது. துறைமுகத்தைப் பன்மடங்கு விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் எதிர்த்து வந்திருக்கின்றன. கரை அரிக்கப்படும், ஏரியின் முகத்துவாரம் கெடும் என்பது அவர்களது அச்சம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இத்தகைய திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்பளிக்கப்பட வேண்டும். 2021 ஜனவரியில் நடைபெறவிருந்த கூட்டம் பெருந்தொற்றைக் காரணங்காட்டித் தள்ளிவைக்கப்பட்டது.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்பது இந்த வரலாற்றில் புதிய ஒன்று. இதுவரை நாம் பார்த்த ஒலிபெருக்கிகள் எல்லாம் ஊரை நோக்கிப் பேசியவை: மாநகராட்சி பேசியது, கட்சி பேசியது, வானிலை மையம் பேசியது. நல்லவாட்டில் ஊர் தனக்குத்தானே பேசிக்கொண்டது. கருத்துக்கேட்பில்தான் ஊர் ஒலிவாங்கியின் முன் நின்று அரசை நோக்கிப் பேசுகிறது. மூன்று நிமிடம் பேசினாலும் அது பதிவாகிறது. அங்கே ஒலிவாங்கியை நீட்டுபவர் யார், எப்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார் என்பவை சிறிய கேள்விகள் அல்ல. முன்பெருக்கியில் நுழையாத குரலை எந்தக் கூம்பாலும் பெருக்க முடியாது.

அடுத்த ஐப்பசியிலும் காட்டுப்பள்ளியில் கூண்டு ஏறும். முன்பு கூண்டு எட்டாத கரையாக இருந்த இடம், இன்று கூண்டு ஏறும் துறைமுகமாகியிருக்கிறது. பக்கத்துக் குப்பங்களில் அன்றும் ஓர் ஆம்ப்ளிபையர் வேண்டியிருக்கும்: களிம்பு துடைத்து, பேட்டரி மின்னேற்றி, மின்சாரம் போன இரவிலும் இயங்கும்படி வைக்கப்பட்ட ஒன்று. நல்லவாட்டில் கதவை உடைக்க வேண்டியிருந்தது. அந்த அறையின் சாவி ஊரில் யாரிடம் இருக்கிறது என்பதைப் புயற்காலத்துக்கு முன்பே எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.